நான் யார் என்று கேட்கும் கணினி

மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்தின் கணினியை நீங்கள் இருந்த இடத்திலிருந்தே வாடகைக்கு எடுக்கலாம். இணையப் பக்கம் ஒன்றில் நாலைந்து விருப்பங்களைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், ஒரு நிமிடத்துக்குள் கணினி ஓடத் தொடங்கிவிட்டது என்று தகவல் வரும். அந்தக் கணினிக்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. பெட்டி என்று தனியாக ஒன்றுகூடக் கிடையாது. பெரிய கணினி ஒன்றின் செயலியிலும் நினைவகத்திலும் அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதில் உங்கள் இணையதளம் இல்லை. தளத்தைப் பரிமாறும் மென்பொருளும் இல்லை. ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில், யாரும் தொடாமலே, அது முழுமையான ஒரு வெப் சர்வராக எழுந்து நிற்க முடியும். அதற்கு நீங்கள் முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் தொடக்க ஸ்கிரிப்ட்.

கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும், 'மேகக் கணிமை' எனப்படும் இந்த முறையைப் பரவலாக்கியது அமேசான். 2006 ஆகஸ்டில் 'இசி2' என்ற பெயரில் அந்தச் சேவையைச் சோதனை முறையில் திறந்தது. அதை உருவாக்கிய குழு கிறிஸ் பிங்கம் தலைமையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இயங்கியது. ஒரே பெட்டியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஸென்' என்ற மென்பொருள் உதவியது. சிறிய கணினிக்கு அன்றைய வாடகை மணிக்கு 10 சென்ட். அடுத்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் பழைய இதழ்களின் 1 கோடியே 10 லட்சம் கட்டுரைகளை, ஸ்கேன் செய்த படங்களிலிருந்து பிடிஎஃப் கோப்புகளாக மாற்ற, ஒரே நேரத்தில் 100 கணினிகளை எடுத்தது. ஏறத்தாழ ஒரு நாளில் வேலை முடிந்தது. பெருக்கிப் பார்த்தால் வாடகை 240 டாலர்.

இந்தக் கணக்கில் ஆள் கூலி எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணினி கிடைப்பது ஒரு நிமிட வேலை. அதில் மென்பொருள்களை நிறுவி, அமைப்புகளைத் திருத்தி, பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது ஒரு மனிதருக்கு அரை நாள் வேலை. நூறு கணினிகளுக்கு அப்படி உட்கார்ந்தால் மாதங்கள் ஓடிவிடும். மணிக்கணக்கு வாடகைக்கு அர்த்தம் வர வேண்டுமானால், கணினி தன்னைத் தானே தயார்ப்படுத்திக்கொள்ளத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பொத்தானை அழுத்தியதும், எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று அமேசானின் மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. நீங்கள் தேர்ந்த இயங்குதளத்தின், உதாரணமாக உபுண்டு லினக்ஸின், வட்டுப் படிமத்திலிருந்து ஒரு புதிய வட்டு உருவாகிறது. படிமம் என்பது ஏற்கெனவே நிறுவி முடித்த வட்டு ஒன்றின் அச்சுப் பிரதி. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதே படிமத்திலிருந்து கணினிகளை எழுப்புகிறார்கள். எனவே அதற்குள் உங்கள் பெயரோ, உங்கள் சாவியோ, உங்கள் தளத்தின் முகவரியோ இருக்க முடியாது. விழித்தெழும் கணினிக்குத் தான் யாருடையது, எதற்காக எழுப்பப்பட்டது என்று எதுவுமே தெரியாது.

அதனால் அது கேட்கிறது. கேட்கும் இடம் 169.254.169.254 என்ற முகவரி. மேகக் கணிமையின் அமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த ஓர் எண்தான். 169.254 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் உள்வலைக்கு மட்டும் என்று இணையத்தின் விதிகளில் ஒதுக்கப்பட்டவை. எந்த ரௌட்டரும் அவற்றை வெளியே கடத்தக் கூடாது. ஆகவே இந்த முகவரிக்கு அனுப்பும் கேள்வி தரவு மையத்தைத் தாண்டிப் போவதே இல்லை. மெய்நிகர் கணினியைத் தாங்கி நிற்கும் அமைப்பே இடைமறித்துப் பதில் சொல்லிவிடுகிறது. ஆயிரம் கணினிகள் ஒரே முகவரியில் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. ஆயிரத்துக்கும் வேறு வேறு பதில் கிடைக்கிறது. கேட்பது யார் என்பது தாங்கி நிற்கும் அமைப்புக்குத் தெரியும் என்பதால் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. இந்த உத்தி எவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்றால், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் மேகங்களிலும் இன்று இதே எண்தான்.

பதிலாக வருபவை: கணினியின் அடையாள எண், பெயர், உள்ளே நுழைய வரும் உரிமையாளரை அடையாளம் காண உதவும் பொதுச் சாவி, இன்னும் பல. தன்னுடைய வெளி முகவரியைக்கூட அது இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இசி2-வில் கணினிக்கு நேரடியாகத் தெரிவது உள்வலை முகவரி மட்டுமே. உலகம் அதைக் கூப்பிடும் முகவரியை வாசலில் இருக்கும் வேறோர் அமைப்பு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது.

கேள்வி கேட்கும் வேலையைச் செய்வது 'கிளவுட்-இனிட்' என்ற சிறிய மென்பொருள். உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்தில் வளர்ந்தது, பைத்தானில் எழுதப்பட்டது, மேகங்களில் கிடைக்கும் பெரும்பாலான லினக்ஸ் படிமங்களில் இது முன்பே இருக்கிறது. பதில்கள் கிடைத்ததும் கணினிக்குப் பெயர் வைக்கிறது. வாடகைக்கு எடுத்த அளவுக்கு வட்டை விரித்துக்கொள்கிறது. உங்கள் பொதுச் சாவியை உரிய கோப்பில் வைக்கிறது. பிறகு இந்தக் கணினிக்கே உரிய ரகசியச் சாவிகளைப் புதிதாக உருவாக்குகிறது. இந்தக் கடைசி வேலை அவசியமானது. சாவியைப் படிமத்துக்குள்ளேயே வைத்திருந்தால் எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே சாவியாகிவிடும்.

புதிதாகப் பிறந்த கணினி நல்ல சாவியை உருவாக்குவதும் எளிதல்ல. அதற்குக் கணிக்க முடியாத எண்கள் வேண்டும். விசை அழுத்தங்கள், வட்டின் அசைவுகள் போன்ற ஒழுங்கற்ற நிகழ்வுகளிலிருந்துதான் லினக்ஸ் அவற்றைத் திரட்டும். விழித்த முதல் நொடிகளில் அப்படி எதுவும் நடந்திருக்காது. 2012-ல் நாதியா ஹெனிங்கரும் சகாக்களும் இணையம் முழுவதையும் துழாவிப் பார்த்தபோது, பாதுகாப்பான இணைப்பு தரும் கணினிகளில் 0.5 விழுக்காட்டின் ரகசியச் சாவிகளைத் தங்களால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடிந்தது என்று அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ரௌட்டர் போன்ற சிறு கருவிகள். முதல் விழிப்பில், போதிய ஒழுங்கின்மை சேருமுன்பே சாவி செய்துகொண்டவை. இன்றைய செயலிகள் இத்தகைய எண்களை வன்பொருளிலிருந்தே தருகின்றன என்பது பெரிய ஆறுதல்.

இவ்வளவும் முடிந்த பிறகே உங்கள் ஸ்கிரிப்டின் முறை வருகிறது. கணினியை வாடகைக்கு எடுக்கும் பக்கத்தில் 'யூசர் டேட்டா' என்றொரு பெட்டி இருக்கும். அதில் 16 கேபி வரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது 169.254.169.254 வழியாகக் கணினிக்குப் போய்ச் சேர்கிறது. கிளவுட்-இனிட் அதை எடுத்து, 'ரூட்' என்ற முழு அதிகாரத்துடன், ஒரே ஒரு முறை இயக்குகிறது. 'ஒரே முறை' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டுக் கணினியை அணைத்துப் போட்டால் புதியது ஓடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஓடாது. கிளவுட்-இனிட் கணினியின் அடையாள எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. அதே எண்ணைப் பார்த்தால், இது பழைய கணினிதான், தொடக்க வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று ஒதுங்கிக்கொள்கிறது.

ஸ்கிரிப்டின் முதல் வரி, இதை எந்த மென்பொருள் வாசிக்க வேண்டும் என்று சொல்வது. எண் குறியும் வியப்புக் குறியும் சேர்ந்து தொடங்கும் இந்த வரியை யூனிக்ஸில் 1980-ல் கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிட்சி. அதற்கு மேலே தெரியாமல் ஒரு வெற்று வரி விழுந்துவிட்டால் கிளவுட்-இனிட் இதை ஸ்கிரிப்ட் என்றே அடையாளம் காணாது. பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு நகர்ந்துவிடும்; கணினியோ ஒரு குறையும் இல்லாததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வரியாக, ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்றுவிடு என்று எழுதுவது நல்ல வழக்கம். ஸ்கிரிப்டை வழக்கமாக வாசிக்கும் 'பாஷ்' என்ற மென்பொருள் இயல்பாக அப்படி நிற்காது. மென்பொருள் இறங்காவிட்டாலும் அடுத்த வரிக்குப் போகும், அதற்கடுத்த வரிக்கும் போகும், கடைசியில் 'முடிந்தது' என்றும் எழுதிவிடும். கையால் வேலை செய்யும்போது பிழைச் செய்தி கண்ணில் படும், நாம் நிற்போம். ஸ்கிரிப்ட் ஓடும்போது பார்க்க ஆள் இல்லை. இந்த ஒரே காரணம்தான் அதன் எழுத்து முறை முழுவதையும் தீர்மானிக்கிறது. மென்பொருள் நிறுவும் கட்டளை 'தொடரலாமா?' என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. எனவே எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்பதை ஊகிக்க முடியாது. எனவே ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

பிறகு வெப் சர்வர். 'அப்பாச்சி' 1995 முதல் இருக்கிறது. ஒரே கணினியில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்குப் பதில் சொல்வது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்தது 'எஞ்சின்எக்ஸ்'. ரஷ்யாவின் இகோர் சிசோயேவ் 2004-ல் அதை வெளியிட்டார். உபுண்டுவில் எஞ்சின்எக்ஸை நிறுவினால் உடனே ஓடத் தொடங்கும். ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸிலும் அமேசான் லினக்ஸிலும் நிறுவுவது ஒரு வேலை, ஓடவைப்பது இன்னொரு வேலை. ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் ஓடு என்று சொல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதை விட்டுவிட்ட சர்வர்கள் மாதக்கணக்கில் நன்றாக ஓடி, ஏதோ ஒரு நள்ளிரவில் பாதுகாப்புத் திருத்தத்துக்காக மறுபடி தொடங்கும்போது மௌனமாகிவிடும்.

எல்லாம் சரியாக நடந்தும் உலாவியில் பக்கம் வராமல் போகலாம். அப்போது வரும் செய்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், நீங்கள் கணினியை எட்டிவிட்டீர்கள், அங்கே சர்வர் மென்பொருள்தான் ஓடவில்லை. வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் கடந்தது என்று வந்தால், பெரும்பாலும் தீயரண் உங்கள் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறது. 80, 443 ஆகிய போர்ட்டுகளைத் திறக்க மறந்திருப்பீர்கள். முதலாவதற்கு ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும், இரண்டாவதற்கு ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம்.

இத்தனை பாடுபட்டு எழுதுவதற்குப் பதிலாக, ஒருமுறை உள்ளே நுழைந்து கையால் செய்துவிடலாமே என்று தோன்றும். ஒரே ஒரு கணினிக்கு அது விரைவானதுதான். ஆனால் கையால் செய்த கணினியைப் பற்றிய அறிவு அந்தக் கணினிக்குள்ளும் செய்தவரின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. உலகின் முதல் வெப் சர்வர், செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினி. அதன் மேல் சிவப்பு மையில், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்று அது ஒன்றே ஒன்றுதான், அந்த எச்சரிக்கை நியாயமானது. அதற்குப் பின் வந்த பல ஆண்டுகளில் அலுவலகங்கள்தோறும் அதே நிலைமை தொடர்ந்தது. யாரோ எப்போதோ அமைத்தது, என்னென்ன மாற்றினார் என்பது தெரியாது, அதனால் தொடப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். புதிய நிரலை 8 சர்வர்களில் வைக்க வேண்டியிருந்தது. கையால் செய்த அந்த வேலையில் ஒரு சர்வர் விட்டுப்போயிற்று. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று உயிரோடு கிடந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கிக் குவிக்கவும் விற்றுத் தள்ளவும் தொடங்கியது. பிழை எங்கே என்று தெரியாமல் தவித்த ஊழியர்கள், சரியாக இருந்த மற்ற 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. மறு ஆண்டில் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்து தனித்தன்மை இழந்தது. எட்டுச் சர்வர்களும் எழுதிவைத்த ஒரே விவரத்திலிருந்து தாமாகவே தயாராகியிருந்தால், எட்டும் சரியாக இருந்திருக்கும். அல்லது எட்டும் ஒரே விதமாகத் தவறியிருக்கும், தவறு வெள்ளோட்டத்திலேயே தெரிந்திருக்கும்.

கணினி அமைப்பை எழுத்தில் வைக்கும் சிந்தனை மேகத்துக்கு மூத்தது. ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் 1993-ல் 'சிஎஃப்எஞ்சின்' என்ற கருவியை உருவாக்கினார். இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படிகளை அடுக்காமல், கணினி கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் விவரித்துவிட்டால், கருவியே அந்த நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்றைய பப்பெட், ஆன்சிபிள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தொடக்க ஸ்கிரிப்ட் அவற்றைவிட எளிய கருவி. ஆனாலும் அந்தப் பாடம் இதற்கும் பொருந்தும்: கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர் என்று எழுதினால் இருமுறை ஓடும்போது வரி இரண்டாகும், கோப்பு முழுவதும் இப்படி இருக்கட்டும் என்று எழுதினால் எத்தனை முறை ஓடினாலும் ஒன்றேதான்.

ஸ்கிரிப்டில் எழுதவே கூடாதது கடவுச்சொல். யூசர் டேட்டா பெட்டி பூட்டிய பெட்டி அல்ல; கணினிக்குள் ஓடும் எந்த நிரலும் 169.254.169.254-ஐக் கேட்டு அதை வாசிக்கலாம். இது கற்பனை அபாயம் இல்லை. 2019-ல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்த தரவுத் திருட்டு இந்த முகவரி வழியாகவே நிகழ்ந்தது. வெளியிலிருந்து வந்தவர், தவறாக அமைக்கப்பட்ட தீயரண் ஒன்றை ஏமாற்றி, தமக்குப் பதிலாக அதையே அந்த முகவரியில் கேட்கவைத்தார். கிடைத்த தற்காலிகச் சாவிகளைக் கொண்டு, 10 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்கள் அள்ளப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அமேசான் இந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அந்தப் பதிப்பில் முதலில் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு அதைக் காட்டித்தான் எதையும் கேட்க முடியும். ஏமாற்றி அனுப்பப்படும் எளிய கோரிக்கைகளால் அந்த டோக்கனை வாங்குவது கடினம். புதிய கணினி எடுக்கும்போது இந்தப் பதிப்பை மட்டும் அனுமதிப்பதாகக் குறித்துவிடுங்கள். கடவுச்சொற்களுக்கு எல்லா மேகங்களிலும் தனிப் பெட்டகச் சேவை இருக்கிறது. எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கணினிக்குக் கொடுத்தால் போதும்.

பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகத் தருகிறது, வழக்கமாக 90 நாளுக்கு. இதையும் ஸ்கிரிப்டே வாங்கிக்கொள்ளும். ஆனால் சான்றிதழ் கேட்கும் நேரத்தில் உங்கள் தளத்தின் பெயர் இந்தப் புதிய கணினியைச் சுட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பெயருக்கு வாரத்தில் 5 சான்றிதழ்தான் என்ற வரம்பும் உண்டு. சோதனைக்காக ஒரே மாலையில் கணினியை ஆறு முறை அழித்து எழுப்பினால் ஆறாவது முறை சான்றிதழ் கிடைக்காது. சோதனைக்கென்று அவர்களே வைத்திருக்கும் தனி சர்வரை அதுவரை பயன்படுத்த வேண்டும்.

தளத்துக்குக் கூட்டம் வரும்போது ஸ்கிரிப்டின் பயன் முழுதாகத் தெரியும். சுமை ஏறினால் கணினிகளின் எண்ணிக்கையைத் தானாகவே கூட்டவும், இறங்கினால் குறைக்கவும் மேகத்திடம் சொல்லிவைக்கலாம். அப்போது கணினிகள் நமக்குத் தெரியாமலே பிறக்கின்றன, தெரியாமலே போகின்றன. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடி முடிக்க மூன்று நிமிடம் ஆகும் என்றால், அதற்கு முன்பே 'நலமா?' என்று சோதிக்கும் கருவி பதில் வராததைப் பார்த்து அந்தக் கணினியை நோயுற்றதாகக் கருதி அழித்துவிடும். புதியது பிறக்கும், அதுவும் அழியும். எனவே பிறந்த கணினிக்குச் சில நிமிட அவகாசம் கொடுக்கும் அமைப்பைத் தவறாமல் நிரப்ப வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2010-ல் 'கேயாஸ் மங்கி' என்ற தன் நிரலைப் பற்றி வெளியே சொன்னது. அலுவலக நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் ஏதாவது ஒன்றை அது குருட்டாம்போக்கில் அணைத்துவிடும். ஒரு கணினி திடீரென்று போனாலும் சேவை தாங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே. பார்ப்பவருக்கு எதுவும் தெரியாமல் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அழியக்கூடிய கணினியில் அழியக் கூடாத எதையும் வைக்க முடியாது. வாசகர் ஏற்றிய படங்கள், கடையின் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் தனித் தரவுத்தளத்திலோ கோப்புக் கிடங்கிலோ இருக்க வேண்டும், பதிவேடுகளும் அப்படியே. இதைச் செய்யாமல் ஸ்கிரிப்டை மட்டும் நம்பிக் கணினியை அழித்தால், சர்வர் திரும்பி வரும், உள்ளே இருந்தது வராது.

நீங்கள் இப்போது எழுதியிருக்கும் ஸ்கிரிப்ட் நல்லதா என்று தெரிந்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை விட்டுவிட்டு, அதே ஸ்கிரிப்டைக் கொடுத்து இரண்டாவது ஒன்றை எழுப்புங்கள். உள்ளே நுழையாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து அதன் முகவரியை உலாவியில் அடித்துப் பாருங்கள். பக்கம் வராவிட்டால் மட்டும் நுழைந்து, கிளவுட்-இனிட் எழுதிவைத்திருக்கும் வெளியீட்டுப் பதிவைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதல் கணினியில் நீங்கள் கையால் செய்துவிட்டு எழுத மறந்த வேலை எது என்று பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். அதை அங்கேயே சரிசெய்யாமல் ஸ்கிரிப்டில் சேர்த்து, இரண்டாவதை அழித்துவிட்டு, மூன்றாவதை எழுப்புங்கள். சிறிய ரகக் கணினிக்கு வாடகை மணிக்கு ஓரிரு ரூபாய்தான், அதுவும் 2017 முதல் நொடிக் கணக்கில்.